பட்டாணிக்குப் பதிந்த பதினான்கு நாட்கள்

நாய் வாங்கப் போன இடத்தில் புருஷனைப் பற்றிக் கேள்வி வரும் என்று மிருதுளா நினைத்திருக்கவில்லை. டாஷண்டா, பொமரேனியனா, இரண்டில் ஒன்றைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினாள். புருஷன் நிகிலன் தன்னோடு வருவான் என்பதும் அவள் நினைப்பில் இல்லை. அடுக்ககத்தில் நாய் வளர்க்க வேண்டுமென்றால் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் நேரில் போய்ச் சம்மதம் சொல்ல வேண்டும் என்று எங்கேயோ ஒரு விதி கிடந்ததாம். அந்த விதியை முந்தின நாள் தோண்டி எடுத்தவனும் அவன்தான். விதி என்றால் அவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

நாய் தரும் நற்றுணை நிலையம் அவினாசி சாலையில், பழைய மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே நாய் வாடையே இல்லை. பரணிதரன் என்கிற ஆலோசகர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் நாய் முடி. அதைப் பார்த்ததும் மிருதுளாவுக்கு அவர்மேல் ஒரு நம்பிக்கை வந்தது.

“பழைய காலத்து நாயை மனசுல வெச்சுக்கிட்டு வந்திருந்தீங்கன்னா அதை வெளியவே விட்டிருங்க,” என்றார் அவர். “அது வீடு மாறுனா மாறிக்கும், ஆள் மாறுனா பழகிக்கும். நம்முளுது அப்படி இல்லீங்க. வந்த நாள்ல இருந்து பதினாலு நாளைக்கு எல்லாத்தையும் பார்க்கும், மோந்து பார்க்கும், காது குடுத்துக் கேக்கும். யார் எப்ப எந்திரிக்கறாங்க, சோறு எப்ப, யார் வந்தா யார் எப்படி ஆகறாங்க, அத்தனையும் உள்ள எறங்கிரும். பதினஞ்சாம் நாள் மூளையில அந்தக் கதவு சாத்திக்கும். அதுக்கு மேல வேற பொழப்பை அது கத்துக்காது. சாகற வரைக்கும் அந்தப் பதினாலு நாள்தான் அதுக்கு உலகம்.”

“எதுக்குங்க அப்படிப் பண்ணி வெச்சீங்க?” என்று கேட்டாள் மிருதுளா.

“பின்னே? ஆசையா வாங்கிட்டுப் போயி மூணே மாசத்துல குரைக்குது, கடிக்குது, எங்களுக்கு ஒத்து வரலைன்னு ரோட்டுல எறக்கி விட்டாங்களே, எத்தனை ஆயிரம் நாயி! இப்ப அந்தப் பேச்சே இல்லை. உங்க வீடு எப்படியோ நாய் அப்படியே ஆயிரும்.”

இரண்டு குட்டிகளைக் கொண்டுவந்து மேஜைமேல் விட்டார்கள். டாஷண்ட் நீளமாக, வழவழவென்று, காதை மேஜையில் இழுத்துக்கொண்டு மூன்றடி நடந்து அப்படியே படுத்துவிட்டது. பொமரேனியன் பிஸ்கட் நிறத்தில் ஒரு பஞ்சுப் பந்து. அது ஓரிடத்தில் நிற்கவில்லை.

“இந்த நீட்டு ஆளுக்கு ஒருத்தர் போதுமுங்க,” பரணிதரன் டாஷண்டின் முதுகைத் தடவினார். “நீங்க வேலை செஞ்சா நாற்காலிக்கடியில படுத்துக்குவாரு. வேற யார் வந்தாலும் போனாலும் கண்டுக்க மாட்டாரு. படியேற விடாதீங்க, சோபாவுல இருந்து குதிக்க விடாதீங்க, முதுகு போயிரும். அது ஒண்ணுதான் தொந்தரவு. இந்தப் பஞ்சு இருக்காரே, இவருக்குக் கூட்டம் வேணும். வீட்டுல ரெண்டு பேராவது ஒத்துமையா இருக்கோணும், சாயங்காலம் சேர்ந்து நடக்கோணும். தினம் சீவி விடலைன்னா முடி சிக்கு விழுந்திரும். ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிட்டு இருக்கற வீட்டுக்கு இவர் ஆக மாட்டாருங்க. ரெண்டுல உங்க பொழப்புக்கு எது சரியா வரும்னு நீங்கதான் சொல்லோணும்.”

மிருதுளாவின் விரல் தானாக டாஷண்டின் பக்கம் போனது. திருப்பூர்த் துணி ஆலைக்கு வீட்டிலிருந்தே சாயக் கலவை சரிபார்க்கும் வேலை அவளுக்கு. நாள் முழுக்க ஒரே நாற்காலி. அதற்கடியில் ஒரு உயிர் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தால் போதும் என்றுதான் ஆறு மாதமாக ஆசைப்பட்டுக் கொண்டிருந்தாள்.

“அப்ப வீட்டுல பெரும்பாலும் தனியா இருக்கற மாதிரிங்களா?” பரணிதரன் இருவரையும் பார்த்தார்.

நிகிலன் சிரித்தான். வெளியாட்கள் முன்னால் அவன் சிரிப்பு அவ்வளவு அழகாக இருக்கும். “நீயே சொல்லு மிருது. நாம எப்படி?”

அவ்வளவுதான் கேட்டான். வீட்டுக்குள் ஆயிரம் இருக்கட்டும், மூன்றாம் மனிதர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வாய் அவளுடையது. பல்லைப் பிடுங்கினாலும் வெளியே சிரிக்கிற வாய். “அய்யோ, தனியா எல்லாம் இல்லீங்க. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் எல்லாமே. சாயங்காலம் நடக்கக்கூட சேர்ந்துதான் போவோம்,” என்றது அந்த வாய். பொய் அத்தனை வேகமாக வந்ததில் அவளுக்கே திகைப்பு.

“அப்புறம் என்னங்க யோசனை? பஞ்சுதான்,” என்றார் பரணிதரன். அரிசி அளவு சில்லு ஒன்றைக் குட்டியின் கழுத்துத் தோலுக்கடியில் செலுத்தினார். அது நாயின் துடிப்பையும் அசைவையும் நாள் முழுக்கக் குறித்துவைக்குமாம். குட்டி ஒரு முனகல் முனகிவிட்டு அவள் மடிக்குத் தாவியது. வழியிலேயே அதற்குப் பட்டாணி என்று பெயர் வைத்தாள்.

நிகிலனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவன் குடிப்பவன் இல்லை. கை நீட்டியதில்லை. பம்ப் தொழிற்சாலையில் மேலாளர், நல்ல பெயர். மிருதுளாவின் அண்ணன் “தங்கமான மாப்பிள்ளை” என்று வாய் நிறையச் சொல்வார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் மட்டும் அவன் வேறு. ஷூவைக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்ப்பான். பிறகு மெதுவாகக் கேட்பான், “அப்புறம், இன்னைக்கு என்ன சாதிச்ச?” அவள் எதைச் சொன்னாலும் கடைசிவரை கேட்டுவிட்டு, “ஓகோ” என்பான். அவ்வளவுதான். ஒருமுறை சொல்லாமல் தோழி வீட்டுக்குப் போய் வந்ததற்குப் பத்தொன்பது நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபதாம் நாள் ஒன்றுமே நடக்காததுபோல் மீன் குழம்பு வைக்கச் சொன்னான். எது குற்றம், எது குற்றமில்லை என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் பயந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் காது எப்படி ஆகிவிட்டது என்றால், நான்கு மாடிக்குக் கீழே லிஃப்ட் கதவு சாத்துகிற சத்தத்திலேயே வந்தது அவன்தானா என்று தெரிந்துவிடும். தெரிந்ததும் வயிறு சுருண்டுகொள்ளும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் துணிந்து இல்லறச் சமரச மன்றத்துக்குப் போனாள். தமயந்தி என்கிற மன்ற உறுப்பினர் கனிவாகத்தான் விசாரித்தார்.

“அடிக்கறாரா?”

“இல்லீங்க.”

“குடியா? வேற தொடர்பு ஏதாவது?”

“இல்லீங்க மேடம்.”

“பின்னே என்னம்மா குறை?”

“லிஃப்ட் சத்தம் கேட்டா வயித்தைப் பெசையுதுங்க,” என்றாள் மிருதுளா. அதைவிடச் சரியாகச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

“டாக்டர்கிட்டக் காமிச்சீங்களா?” என்று கேட்டார் தமயந்தி. மனு அன்றைக்கே தள்ளுபடி ஆனது. வீட்டுக்கு வந்தவளிடம் நிகிலன் சத்தம் போடவே இல்லை. “போயிட்டு வந்தியா?” என்றான். அப்புறம் முப்பத்திரண்டு நாள் பேசவில்லை.

பட்டாணி வந்த பதினான்கு நாளும் நிகிலன் தங்கமாக இருந்தான். சரியாக மாலை ஆறு மணிக்கு வீட்டில் நிற்பான். கோயமுத்தூர் வெயிலில் ஆறு மணிக்கு முன்னால் தார்ச்சாலையில் நாயை இறக்கினால் பாதம் வெந்துபோகும். ஒருகாலத்தில் ஊர் குளிர்ச்சியாக இருந்தது என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள் நம்புவதில்லை. ஆகவே ஆறு மணி நடை. நிகிலன் நாயின் வாரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பப்ஸ் பொட்டலத்தை மறு கையில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலைக் கதையெல்லாம் சொல்லிச் சிரித்தபடி நடந்தான். எதிரே வந்தவர்கள் நின்று குட்டியைக் கொஞ்சினார்கள். மிருதுளாவும் சிரித்தாள். நாய் பதிந்துகொண்டிருக்கிறதே, பாழாகிவிடக் கூடாதே என்று உயிரைக் கொடுத்துச் சிரித்தாள். லிஃப்ட் சத்தத்துக்கு வயிறு சுருண்டது என்னவோ சுருண்டதுதான். ‘பழக்க தோஷம், போகப் போகச் சரியாயிடும்’ என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். இந்த மனிதன் மாறிவிட்டானோ என்று ஒரு நப்பாசையும் எட்டிப்பார்த்தது. அந்த நப்பாசையை நினைத்தால் பின்னாளில் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வரும்.

பதினைந்தாம் நாள் வீட்டுக்குள் பேச்சு நின்றது. ஷூவோடு கூடத்தில் நிற்பதும் “என்ன சாதிச்ச”வும் திரும்பி வந்தன. ஆச்சரியம் என்னவென்றால் ஆறு மணியை மட்டும் அவன் விடவில்லை. மழையோ, தொழிற்சாலையில் கூட்டமோ, ஆறு அடித்தால் லிஃப்ட் கதவு சாத்தும். நடைக்கும் வந்தான். யாராவது எதிரே வந்தால் பேசினான், போனதும் வாயை மூடிக்கொண்டான்.

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே பட்டாணி எழுந்து வாசல் கதவுக்கு ஓடும். அவள் கதவைத் திறக்கப் போனால் காலுக்கு நடுவில் வந்து நின்றுகொள்ளும். அதைத் தாண்டி அவளால் போக முடியாது. அவனே திறந்து, காலால் அதை ஒதுக்கிவிட்டு உள்ளே வருவான்.

எதிர் வீட்டு ரஞ்சிதம் அக்கா இதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனாள். “பாரேன் மிருதுளா, அப்பா வர்ற நேரம் தெரிஞ்சு எப்படி ஓடியாருது! பெத்த புள்ளைகூட இப்படி நிக்காது. குடுத்து வெச்சவங்க சாமி நீங்க.”

“என்னைக் கண்டா விடாதுங்கக்கா,” என்பான் நிகிலன்.

ஏழாவது மாதம் அவன் தொழிற்சாலை வேலையாகப் பதினோரு நாள் நாகபுரி போனான். எட்டாம் நாள் காலை மிருதுளா ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணிக்கு முடி சீவிக்கொண்டிருந்தாள். யாரோ பாடுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை; பாடியது அவளேதான். சீப்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே அழுதாள். பட்டாணி மல்லாந்து படுத்துக்கொண்டு, இன்னும் சீவு என்பதுபோல் காலை ஆட்டியது.

அடுத்த நாளே இரண்டாவது மனுவைப் போட்டாள். இந்த முறையும் தள்ளுபடியானால் ஐந்து வருஷத்துக்குத் திரும்பப் போட முடியாது என்று அதிலேயே எழுதியிருந்தது. ஐந்து வருஷம். நாற்பத்து மூன்று வயதில் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஆனாலும் அனுப்பிவிட்டாள்.

விசாரணை நாளில் அதே தமயந்திதான். மிருதுளா ராத்திரியெல்லாம் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்துப் படித்தாள். பத்தொன்பது நாள், முப்பத்திரண்டு நாள், ‘ஓகோ’, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் அற்பமாகிக்கொண்டே போனது. பேசவில்லை என்றா ஒருத்தி விவாகரத்துக் கேட்பாள்? தமயந்தியின் முகத்தில் அந்தக் கேள்வி தெரிந்தது.

நிகிலன் எழுந்தான். “எனக்குப் பேசத் தெரியாதுங்க மேடம். நான் சொன்னா புருஷன் பக்கம் பேசறான்னு ஆயிடும். எங்க வீட்டு நாய் சொல்லட்டும்.” ஒரு தாளை நீட்டினான். நற்றுணை நிலையம் சில்லுக் கணக்கைப் பார்த்துத் தரும் நாய் நலச் சான்று. ஏழு மாதத்துச் சராசரி, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. “போன வருஷம் வந்த திருத்தப்படி பதிவு நாயோட நலச் சான்றை இல்லற நிலைக்கு ஆதாரமா எடுத்துக்கலாம். பொமரேனியன் இணக்கமான வீட்டுல மட்டும்தான் தேறும்னு நிலையமே சொல்லுது. நானும் ஒரு நாள் தவறாம ஆறு மணிக்கு வீட்டுல நிக்கறேன்.”

மிருதுளாவுக்குப் புரிந்தது. இதற்காகத்தான் ஆறு மணி! நாய் வாங்கக் கிளம்பிய நாளே இவன் அந்தத் திருத்தத்தைப் படித்திருக்கிறான். கையெழுத்துப் போட வந்ததும், ‘நாம எப்படி’ என்று அவள் வாயாலேயே சொல்லவைத்ததும், பதினான்கு நாள் பப்ஸும் சிரிப்பும், எல்லாம் இந்த ஒரு தாளுக்கு. அதைவிடக் கொடுமை, பதினான்கு நாளும் அவளும் சேர்ந்து நடித்தாள். தனக்கெதிரான சாட்சியை மடியில் போட்டுத் தானே சீவிச் சிங்காரித்து வளர்த்திருக்கிறாள்.

தமயந்தி சான்றை இரண்டு முறை படித்தார். சான்று நிஜம்தான் என்று சொல்வதற்காக நிலையத்திலிருந்து பரணிதரன் வந்து உட்கார்ந்திருந்தார். அவரும் தலையாட்டினார்.

“மனுஷங்க ஆயிரம் சொல்வாங்கம்மா,” என்றார் தமயந்தி. “நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது பாருங்க. தொண்ணூத்தி நாலு. எங்க வீட்டுல ஒரு நாய் இருந்தா நாப்பது வராது. என்னைக் கேட்டா நீங்க வீட்டுக்குப் போயி...”

“நான் பொய் சொன்னேனுங்க,” என்றாள் மிருதுளா.

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். அவள் பரணிதரனைப் பார்த்துப் பேசினாள். தமயந்தியைப் பார்த்துச் சொன்னால் அழுகை வந்துவிடும் என்று பயம். “அன்னைக்கு உங்ககிட்ட, நாங்க சேர்ந்து நடப்போம், ஒத்துமையா இருப்போம்னு சொன்னது அத்தனையும் பொய்யுங்க. உங்க முன்னாடி சொல்ல மானம் போன மாதிரி இருந்துச்சு. அப்புறம் பதினாலு நாளும் நடிச்சேன். அந்த நீட்டு நாயைத்தான் நான் கேக்க வந்தது.”

பரணிதரன் தொண்டையைச் செருமினார். “எல்லாருமே அன்னைக்குப் பொய்தானுங்க சொல்வாங்க. இத்தனை வருஷத்துல நிஜம் சொன்னவங்க ரெண்டு பேரோ மூணு பேரோ. அதனாலதான் நாங்க வாய்ப் பேச்சோட நிறுத்தாம உள்ள சில்லு வெக்கறது.”

“அப்ப அது என்ன எழுதியிருக்குங்க? சராசரி வேண்டாம். ஆறு மணிக்கு மட்டும் என்ன எழுதியிருக்கு?”

“அது எதுக்குங்க இப்ப?” என்றான் நிகிலன். அதே மெல்லிய குரல்தான். ஆனால் அவன் இடையில் குறுக்கிட்டுப் பேசி மிருதுளா கேட்டதே இல்லை.

தமயந்தி பரணிதரனைப் பார்த்து, “பார்த்திருங்களேன்,” என்றார்.

அவர் தன் கருவியைத் திருப்பி, எதிர்ச் சுவரில் காட்டினார். ஒரு கோடு. பகலெல்லாம் சமனாக ஓடியது. ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் செங்குத்தாக ஏறியது. அடுத்த நாள், அதற்கடுத்த நாள், ஏழு மாதமும் அதே இடத்தில் அதே ஏற்றம்.

“நாயோட இதயத் துடிப்புங்க. கிட்டத்தட்ட ரெண்டு பங்கு.”

“சந்தோஷத்துல துடிக்காதா?” என்றான் நிகிலன். “நான் வந்தா எப்படி ஓடி வரும்னு எங்க ப்ளாட்டையே கேட்டுப் பாருங்க.”

“துடிக்குமுங்க, ஏன் துடிக்காது?” பரணிதரன் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருக்கும் இது புதிதாக இருந்திருக்க வேண்டும். முகம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வந்தது. “சந்தோஷத்துல ஏறுனா ரெண்டு நிமிஷத்துல எறங்கிரும். வால் ஆடும், இடுப்புக் குழையும். இங்க பாருங்க, ஆள் உள்ள வந்து ஒன்றரை மணி நேரமாகியும் எறங்கலை. வால் கணக்கு தனியா இருக்கு.” எதையோ தட்டினார். “ஏழு மாசத்துல ஆறு மணிக்கு இது ஒரு நாள்கூட வாலை ஆட்டலீங்க.”

மேலும் தட்டிப் பார்த்துத் தொடர்ந்தார். “நிக்கற நிலையும் பதிஞ்சிருக்கு. பாசத்துல ஓடற நாய் கதவைப் பார்த்து நேரா நிக்கும், மூக்கு கதவுல இருக்கும். இது குறுக்கால நிக்குது. இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் கதவு, நடுவுல இது. மேடம், இது வரவேற்கற நிலை இல்லீங்க. மறிக்கிற நிலை.”

மிருதுளா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலுக்கு நடுவில் வந்து நின்றது. கதவைத் திறக்க விடாமல் நின்றது. கையகலம் இருக்கும் அந்தப் பஞ்சு, ஒவ்வொரு நாளும், ஆறடி மனிதனை.

“கடைசி மாசத்துல பதினோரு நாள் மட்டும் வேற மாதிரி இருக்கே?” என்று கேட்டார் தமயந்தி.

“அவர் நாகபுரி போயிருந்தாருங்க,” என்றாள் மிருதுளா.

“அந்தப் பதினோரு நாளும் ஆறு மணிக்கு எந்திரிச்சுப் போயி நின்னிருக்கு. ஏழு மணியாகியும் ஆள் வரலைன்னதும் திரும்பி வந்து படுத்துத் தூங்கியிருக்கு. வெச்ச சோறு மிச்சமில்லாம தின்னிருக்கு. தொண்ணூத்தி நாலு எங்கிருந்து வந்துச்சுன்னா இந்தப் பதினோரு நாளும், மத்த நாள்ல இவர் வீட்டுல இல்லாத பகலும்தானுங்க,” என்றார் பரணிதரன்.

தமயந்தி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “நாயை அடிச்சாராம்மா?”

“இல்லீங்க. அவர் யாரையும் அடிக்க மாட்டாரு.”

“பின்னே அது எதுக்குப் பயப்படுது?”

“என்னைப் பார்த்துக் கத்துக்கிச்சுங்க,” என்றாள் மிருதுளா. “நான் வாயில சிரிச்சேன். உள்ள என்ன ஆச்சோ, அதை மோந்து பார்த்துக்கிச்சு.”

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. நிகிலன் தாள்களை ஓரம் சரியாக அடுக்கி உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான். அவளைக் கடந்து போகும்போது, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, “ஓகோ,” என்றான்.

தமயந்தி கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். “நல்லவேளைம்மா, நாய் காட்டிக் குடுத்துச்சு. இல்லைன்னா பெரிய தப்பு நடந்திருக்கும்.”

மிருதுளா தாளை வாங்கவில்லை. சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே நாற்காலியில உக்காந்து இதைத்தானுங்க சொன்னேன். வயித்தைப் பெசையுதுன்னு சொன்னேன். டாக்டரைப் பாருன்னீங்க.”

“சொன்னீங்கதான். ஆனா ஒரு சாட்சி வேணுமில்லைங்களா?”

“நானே சாட்சிதானுங்களே மேடம்?”

தமயந்தி தாளை மேஜைமேல் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். அந்த அம்மா கெட்டவர் இல்லை. அதனால்தானோ என்னவோ, மிருதுளாவுக்குக் கோபம் ஆறவே இல்லை. தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் நின்று, வந்த மூன்று வண்டியையும் விட்டுவிட்டு அழுது தீர்த்தாள்.

சரவணம்பட்டியைத் தாண்டி, தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. லிஃப்ட் இல்லாத கட்டடமாகத் தேடி எடுத்தாள். குடி வந்து இருபது நாளிருக்கும், ஒரு சாயங்காலம் பரணிதரன் அழைத்தார்.

“நல்லா இருக்கீங்களா? ஒரு விஷயமுங்க. உங்க நாய்க்குப் பதிவு பிசகிப் போச்சுன்னு நிலையத்துல குறிச்சிருக்காங்க. பிசகுன நாயைத் திருப்பி எடுத்துட்டு வேற குடுக்கோணும்னு விதி. இப்பத்தான் தனியா இருக்கீங்களே, அந்த நீட்டு ஆளு உங்களுக்கு ரொம்பச் சரியா இருப்பாரு. நாளைக்கே கொண்டாந்து குடுத்தர்றோம்.”

மிருதுளா நாற்காலிக்கடியில் பார்த்தாள். பட்டாணி அவள் செருப்பின்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“இவனை என்னங்க பண்ணுவீங்க?”

“எடுத்துக்குவோமுங்க.”

“எடுத்து?”

“பதிஞ்சதை அழிக்க வழியில்லைங்களே, வேற வீட்டுக்கும் குடுக்க முடியாது,” என்றார் பரணிதரன். மிருதுளா குனிந்து பட்டாணியின் தலையில் கை வைத்தாள்.

“வேண்டாமுங்க. இவனே இருக்கட்டும்.”

“யோசிச்சுச் சொல்லுங்க அம்மிணி. நீங்க வீடு மாறிட்டீங்க, ஆளும் போயாச்சு. உங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் மறந்திரும். அதுக்கு மறக்காது. இன்னும் பன்னெண்டு, பதிமூணு வருஷம் இருக்கும். தினம் ஆறு மணிக்கு எந்திரிச்சுப் போயி நடுங்கிட்டு நிக்கும், யாருமே வரலைன்னாலும். அதைப் பார்த்துட்டு உங்களால இருக்க முடியுங்களா?”

“அதை அப்படிப் பண்ணுனது நானுங்க,” என்றாள் மிருதுளா. “அன்னைக்கு உங்க முன்னாடி கௌரவம் பார்த்து நிஜத்தைச் சொல்லாம இருந்தேன். அதுக்கு இவன் எதுக்குங்க போகோணும்?” அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டாணி காதை நிமிர்த்தியது, எழுந்து உடம்பை உதறியது, வாசலுக்கு ஓடியது. கதவுக்கு ஓரடி தள்ளி, குறுக்காக நின்றுகொண்டது. பின்னங்கால் இரண்டும் ஆடின. இத்தனை நாளும் அவள் உள்ளேயிருந்தே கூப்பிடுவாள், பிஸ்கட்டைக் காட்டுவாள், வராது. ஏழு மணிக்கு அதுவாக வந்து படுக்கும்வரை அவளும் எதிலும் மனம் ஒட்டாமல் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருப்பாள். லிஃப்டே இல்லாத வீட்டில், ஆறு மணிக்கு அவள் வயிறும் சுருண்டுகொண்டுதான் இருந்தது.

இன்றைக்கு அவள் கூப்பிடவில்லை. போய், நாயைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து, கதவுக்கும் அதற்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். பட்டாணிக்கு இது பிடிக்கவில்லை. இடப்பக்கமாகப் புகுந்து முன்னால் வரப் பார்த்தது. காலை நீட்டி மறித்தாள். வலப்பக்கம் வந்தது. கையை வைத்தாள். அதன் நெஞ்சு அவள் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது; அவளுடையதும் அதே வேகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

“நீ போய் உக்காரு சாமி,” என்றாள். “நான் பார்த்துக்கறேன்.”